களைக்கொல்லியும் நெறிக்கட்டியும்: ஒரு மாணவர் கேட்ட இரண்டு கேள்விகள்



கொஞ்சம் நீண்ட பதிவு இது. நேரம் இருக்கும்போது படியுங்கள். உங்கள் வீட்டில் வயல் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்களுக்குப் படித்தும் காட்டுங்கள்.

எங்கள் பெரம்பலூர் பக்கம் களைக்கொல்லி என்ற சொல்லை வேளாண்மை அலுவலகத்துப் பலகையில்தான் பார்க்க முடியும். பேச்சில் எல்லாமே மருந்துதான். காய்ச்சலுக்குப் போடுவதும் மருந்து, பருத்திக்கு அடிப்பதும் மருந்து, வரப்புப் புல்லைக் கருக்குவதும் மருந்து. 'கொல்லி' என்று பெயரிலேயே இருக்கும் எச்சரிக்கை பேச்சில் உதிர்ந்துவிடுகிறது. 34 ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். வகுப்பில் எத்தனை முறை திருத்தினாலும் பிள்ளைகள் விடைத்தாளில் 'புல் மருந்து' என்றுதான் எழுதுவார்கள்.

அப்படி எழுதிய பிள்ளைகளில் ஒருவர் போன மாதம் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். மக்காச்சோளக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி மருந்து அடிப்பதுதான் அவருக்குத் தொழில். அவருடைய அண்ணனும் பல வருடமாக அதே வேலை செய்தவர். அண்ணனுக்கு இப்போது நிணநீர்ப் புற்றுநோய், சிகிச்சையில் இருக்கிறார்.

"டீச்சர், அண்ணனுக்கு வந்தது நாங்க அடிக்கிற புல்லு மருந்தாலதானா? நான் இந்த வேலையை விட்டுடணுமா டீச்சர்?"

இரண்டு கேள்விகள். ஒன்று போன நாட்களைப் பற்றியது, மற்றது வரப்போகும் நாட்களைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். "அதனால்தான் வந்தது என்று நிரூபிக்கவில்லையே, பிறகு என்ன பயம்?" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "அதனால்தான் வந்தது, சந்தேகமே இல்லை" என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இரண்டுமே சரியில்லை. ஒரு வாரமாகப் பகுதி பகுதியாக அவருக்குச் சொன்னதை, அவர் அனுமதியுடன், பெயரைத் தவிர்த்துவிட்டு இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் நோய். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே, அது இந்தக் கணு வீங்குவதுதான். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, லிம்போசைட், அங்கே கூடுகிறது. சண்டை முடிந்தால் வீக்கம் வற்றிவிடும். அந்த லிம்போசைட்டுகளே கட்டுப்பாடு இழந்து பெருகத் தொடங்கினால் அது லிம்போமா. 1832இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த வகைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மற்ற வகைகள் எல்லாவற்றையும் சேர்த்து நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா என்கிறார்கள். அது ஒரே நோய் அல்ல, பல நோய்களின் குடும்பம். களைக்கொல்லி பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைப் பற்றியதுதான்.

இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால் நம் ஆட்கள் கண்டுகொள்வதும் இல்லை. காரணம் தெரியாத காய்ச்சல், இரவில் பாயே நனையும் அளவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது ஆகியவையும் சேர்ந்தால் உடனே பார்க்க வேண்டும். நம் நாட்டில் கழுத்தில் நெறி கட்டினால் முதலில் காசநோய் என்றுதான் நினைப்பார்கள். பல பேருக்கு அதுவாகவும் இருக்கும். ஆனால் மாத்திரை போட்டும் கட்டி கரையவில்லை என்றால், ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்காமல் காலம் கடத்தக் கூடாது. லிம்போமாவில் பல வகைகள் மருந்துக்கு நன்றாக அடங்குபவை, சிலவற்றை முழுமையாகக் குணப்படுத்தவும் முடிகிறது. அதனால் 'புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்டதுமே கையை விரித்துவிட வேண்டாம்.

இனி அந்த மருந்துக்கு வருவோம். நம் பக்கம் வரப்பிலும் தோப்பிலும் அடிக்கும் களைக்கொல்லிகளில் பெரிய பெயர் கிளைபோசேட். அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனத்தில் ஜான் ஃபிரான்ஸ் என்ற வேதியியலாளர் 1970இல் அதன் களை கொல்லும் குணத்தைக் கண்டுபிடித்தார். 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. செடிகள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். கிளைபோசேட் அந்த நொதியை முடக்கிவிடுகிறது, செடி பட்டினியில் வாடிப் போகிறது. அந்த நொதி மனித உடம்பில் இல்லை. "ஆகவே மனிதருக்குப் பயமில்லை" என்று சொல்லித்தான் இது விற்பனையானது. பூட்டு இல்லாத வீட்டில் சாவிக்கு என்ன வேலை என்பது போன்ற வாதம். ஆனால் ஒரு பொருள் ஒரு பூட்டை மட்டும்தான் திறக்கும் என்று யார் சொன்னது? உயிரணுவின் மரபுப்பொருளைச் சேதப்படுத்துவது, ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்டாக்குவது ஆகிய வேறு வழிகள் பற்றியும் ஆய்வுகள் வந்தன.

2015 மார்ச் மாதம் உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பிரான்சின் லியோன் நகரில் கூடியது. 11 நாடுகளைச் சேர்ந்த 17 வல்லுநர்கள் இருந்தார்கள். கிளைபோசேட் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்று 2ஏ பிரிவில் வைத்தார்கள். விலங்குகளில் போதுமான சான்று இருக்கிறது, மனிதரிடம் நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா தொடர்பாக வரம்புக்குட்பட்ட சான்று இருக்கிறது என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'அப்படி ஆபத்து இருக்க வாய்ப்பு குறைவு' என்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் அந்தப் பக்கம்தான். 2022இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, முகமையின் அந்த முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று திருப்பி அனுப்பியது. முகமை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2023இல் மேலும் 10 ஆண்டுகளுக்கு அனுமதியைப் புதுப்பித்தது.

"பெரிய பெரிய ஆட்களே அடித்துக்கொண்டால் நாங்கள் யாரை நம்புவது டீச்சர்?" என்று என் மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கிணறு ஆழமானதா, விழுந்தால் உயிர் போகுமா என்பது ஒரு கேள்வி. கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, அதன் ஓரமாக யார் எத்தனை முறை நடக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. லியோனில் கூடியவர்கள் முதல் கேள்வியைக் கேட்டார்கள். அரசு முகமைகள் இரண்டாவதைக் கேட்டன, அதிலும் உணவில் ஒட்டியிருக்கும் எச்சத்தைச் சாப்பிடும் பொதுமக்களைப் பெரிதாக மனதில் வைத்தே கேட்டன. அவர்கள் பார்த்த ஆய்வுகளும் ஒன்றல்ல. லியோன் குழு வெளியாகியிருந்த ஆய்வுகளைப் பார்த்தது. முகமைகள் நிறுவனங்கள் சமர்ப்பித்த, வெளியிடப்படாத ஆய்வுகளையும் எடுத்துக்கொண்டன.

இன்னொன்று. 2ஏ என்பது சான்று எவ்வளவு பலமானது என்பதைக் காட்டும் பிரிவு. ஆபத்து எவ்வளவு பெரியது என்று அது சொல்வதில்லை. ஆட்டுக்கறி, மாட்டுக்கறியும், இரவுப்பணியும் அதே 2ஏ பிரிவில்தான் இருக்கின்றன. ஆகவே '2ஏ' என்று கேட்டதும் அலறவும் வேண்டாம், 'கறியும் அதில்தானே இருக்கு' என்று சிரித்துத் தள்ளவும் வேண்டாம்.

அப்படியானால் அளவு எவ்வளவு? இதற்கு மருந்து அடிப்பவர்களையே எண்ணிப் பார்க்க வேண்டும். 1986இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநில விவசாயிகளைப் பற்றிய ஓர் ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. ஆண்டுக்கு 20 நாட்களுக்கு மேல் களைக்கொல்லி அடித்தவர்களிடம் நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா ஆறு மடங்கு இருந்தது. தாங்களே கலக்கி, தாங்களே அடித்தவர்களிடம் அதைவிட அதிகம். அங்கே முக்கியமாகப் பேசப்பட்டது கிளைபோசேட் அல்ல, 2,4-டி. நம் நெல் வயல்களிலும் அடிக்கும் அதே பொருள்தான். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பெரிய எண்ணைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கிளைபோசேட்டுக்குப் பெரிய ஆய்வு ஐயோவா, வடக்கு கரோலினா மாநிலங்களில் நடந்தது. உரிமம் பெற்றுப் பூச்சிக்கொல்லி தெளிக்கும் 54,251 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கிளைபோசேட்டுக்கும் நான்-ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது அது. அடுத்த ஆண்டே, இந்த ஆய்வையும் மற்ற ஐந்து ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த வேறொரு குழு, மிக அதிகமாகப் புழங்கியவர்களிடம் ஆபத்து 41 சதவீதம் கூடுதல் என்று கணக்கிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. நம் கடைகளில் விற்கும் கிளைபோசேட் டப்பாவிலும் 41 சதவீதம் என்றுதான் போட்டிருக்கும். அது மருந்தின் செறிவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "41 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வரும்" என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றியது. தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் வாழ்நாளில் 100 பேரில் சுமார் 2 பேருக்கு இந்த நோய் வருகிறது. 1,000 பேர் என்றால் 20. அதில் 41 சதவீதம் என்பது சுமார் 8. ஆக, அதிகம் புழங்கும் 1,000 பேரில் 20 என்பது 28 ஆகலாம். மீதி 972 பேருக்கு இந்த நோய் வராது. அந்த 28 பேரையும் வரிசையாக நிறுத்தினாலும் 'எப்படியும் வந்திருக்கும்' என்கிற 20 பேர் யார், 'கூடுதல்' 8 பேர் யார் என்று எந்தப் பரிசோதனையாலும் பிரித்துக் காட்ட முடியாது. கட்டியில் மருந்தின் முத்திரை இருக்காது. நுண்ணோக்கியில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

என் மாணவரின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். அண்ணனுக்கு வந்தது அதனால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரும் இதையேதான் சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணி தினமும் இதைத்தான் கேக்குறாங்க டீச்சர்" என்றார். காரணம் தெரிந்தால் கோபப்பட ஓர் இடம் கிடைக்கும். அதுவும் அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

"அமெரிக்காவில் கோர்ட்டே சொல்லிடுச்சாமே" என்றும் கேட்டார். ஆமாம். டுவெய்ன் ஜான்சன் என்பவர் கலிபோர்னியாவின் பெனிசியா ஊர்ப் பள்ளிகளில் வளாகத்தைப் பராமரித்தவர். பள்ளி என்பதாலோ என்னவோ, இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. களைக்கொல்லி தெளிப்பது அவர் வேலையில் ஒரு பகுதி. பாதுகாப்பு உடை போட்டுத்தான் அடித்தார். ஆனாலும் இரண்டு முறை கருவி கசிந்து உடம்பு நனைந்தது. 2014இல் அவருக்குத் தோலைத் தாக்கும் ஒருவகை நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா இருப்பது தெரிந்தது. 2018 ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோ நடுவர் குழு மான்சான்டோ அவருக்கு 28.9 கோடி டாலர் தர வேண்டும் என்றது. மேல்முறையீடுகளில் குறைந்து குறைந்து 2020இல் அது 2.05 கோடி டாலரில் வந்து நின்றது. மான்சான்டோவை வாங்கிய பேயர் நிறுவனம், அதே 2020இல் பல்லாயிரம் வழக்குகளைத் தீர்க்க 1,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை. வேறு பல வழக்குகளில் நிறுவனமும் வென்றிருக்கிறது.

நீதிமன்றம் கேட்பது 'முழு உறுதியா' என்று அல்ல, 'இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கு வாய்ப்பு அதிகமா' என்றுதான். நிறுவனம் போதிய எச்சரிக்கை கொடுத்ததா என்பதும் அங்கே பெரிய கேள்வி. ஆய்வகம் வேறு, நீதிமன்றம் வேறு. ஒன்றின் தீர்ப்பை மற்றதன் விடையாக எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது இரண்டாவது கேள்வி. இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லலாம். கிணற்றின் ஆழம் பற்றி வல்லுநர்கள் வாதாடட்டும், கைப்பிடிச் சுவர் கட்ட அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த 54,251 பேர் உரிமம் வாங்கியவர்கள். பலர் டிராக்டரில் உட்கார்ந்து தெளிப்பவர்கள். நம் ஆள் 16 லிட்டர் டேங்கை முதுகில் கட்டி, லுங்கியை மடித்துக்கட்டி, வெறுங்காலோடு தான் அடித்த புல்லையே மிதித்து நடக்கிறார். மூடி இறுக்கமாக இருக்காது, முதுகில் வடிகிறது. குச்சி கிடைக்காவிட்டால் கையை விட்டுக் கலக்குகிறார். நாசில் அடைத்தால் வாயால் ஊதுகிறார். கை கழுவாமல் பீடி பற்றவைக்கிறார். சாயங்காலம் அந்தச் சட்டையை அவர் மனைவி வெறுங்கையால், பிள்ளைகளின் சீருடையோடு சேர்த்துத் துவைக்கிறார். கிளைபோசேட் முகர்வதைவிடத் தோல் வழியாகத்தான் அதிகம் ஒட்டும். ஆகவே வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கையையும் காலையும் திறந்து வைப்பதில் பெரிய பயன் இல்லை.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நச்சு குறைகிறது. ஆனால் அந்த நிறம் சொல்வது உடனடி நச்சைத்தான். 15, 20 ஆண்டுகள் தொடர்ந்து புழங்கினால் என்ன ஆகும் என்று எந்த நிறமும் சொல்லாது. 'பச்சைதானே, ஒண்ணும் பண்ணாது' என்பது தவறான நிம்மதி.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் கிளைபோசேட்டுக்குப் பதிவு இருப்பது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடங்களுக்கும்தான். 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பயிற்சி பெற்ற நிறுவனத்தார் மூலம் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டால் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். பயிற்சி பற்றி யாரும் கேட்பதில்லை.

என் தம்பி மக்காச்சோளம் போடுகிறவன். இதையெல்லாம் சொன்னால், "அக்கா, களை எடுக்க ஆள் எங்க இருக்கு? பத்துப் பொம்பள ஆள் ரெண்டு நாள் பாக்குற வேலைய ஒருத்தன் ஒரு காலைல முடிச்சிடுறான்" என்கிறான். அவன் சொல்வதும் பொய்யில்லை. குனிந்து களை எடுத்த பெண்களின் இடுப்பு வலியை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு காலை வேலையில் மிச்சமாகும் பணம் நிலத்துக்காரருக்கும், அதற்கான ஆபத்து டேங்க் சுமப்பவருக்கும் போவது எந்தக் கணக்கு? கூலிக்கு ஆள் கூப்பிடும்போது கையுறையும் பூட்ஸும் சோப்பும் யார் வாங்கித் தருவது என்றும் பேச வேண்டும். கூலியோடு சேர்த்துப் பார்த்தால் அது பெரிய காசு இல்லை.

என் மாணவருக்குச் சொன்னவை இவைதான். முடிந்தால் இந்த வேலையின் நாட்களைக் குறை. பவர் வீடரை வேளாண் பொறியியல் துறை மானியத்தில் தருகிறது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கி வாடகைக்கு ஓட்டலாம். வரப்புக்குப் பிரஷ் கட்டர் போதும். அடித்தே ஆக வேண்டும் என்றால், துணிக் கையுறை வேண்டாம், ரசாயனம் ஊறாத நைட்ரைல் கையுறை போடு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. கசியும் டேங்கைத் தூக்காதே. காற்று அடிக்கும்போது அடிக்காதே. கலக்கும் நேரத்தில்தான் செறிவு அதிகம், அப்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். சட்டை நனைந்தால் 'முடிச்சிட்டுப் போலாம்' என்று நினைக்காமல் உடனே கழற்றிச் சோப்புப் போட்டுக் குளி. அந்தத் துணியைத் தனியாக ஊறவைத்து நீயே துவை. காலி டப்பாவை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டுவிடு. அதில் தண்ணீர் பிடிக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

"இதெல்லாம் செஞ்சா வராதா டீச்சர்?" என்றார். அப்படி உறுதி கொடுக்க என்னால் முடியாது. 20 பேர் பக்கத்தில் யாருக்கும் கைப்பிடிச் சுவர் இல்லை, அது யாருக்கும் வரலாம். அந்த 8 பேர் பக்கத்தில் மட்டும்தான் நம்மால் ஏதாவது செய்ய முடியும்.

அவர் கையுறையும் பூட்ஸும் வாங்கிவிட்டார். இனி கூப்பிடுகிறவர்களிடம் சோப்பும் தண்ணீரும் வைக்கச் சொல்லியே வேலைக்கு ஒப்புக்கொள்கிறார். இரண்டு பேர் "ரொம்பப் பண்றானே" என்று வேறு ஆள் பார்த்துக்கொண்டார்களாம். மூன்றாவது ஆள் வாங்கி வைத்திருந்தாராம். அண்ணனுக்கு இன்னும் இரண்டு சுற்று சிகிச்சை பாக்கி இருக்கிறது. கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது என்று நேற்றுச் சொன்னார்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். மருந்து அடிக்கும் வேலையில் இருக்கும் யாருக்காவது மூன்று, நான்கு வாரமாக வலியில்லாத நெறிக்கட்டி இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். என்ன மருந்து, எத்தனை வருடமாக அடிக்கிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டாவது, உங்கள் நிலத்துக்கு நாளைக்கு ஓர் ஆள் டேங்கோடு வந்தால், அவர் கையையும் காலையும் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் ஊரில் எப்படி அடிக்கிறார்கள் என்று கருத்தில் எழுதுங்கள். பயனுள்ளது என்று நினைத்தால் பகிருங்கள்.